கிள்ளான் வண்டியில் ஒரு தேர்ச்சி அறிக்கை

சுங்கைப் பட்டாணியிலிருந்து ஈடிஎஸ் ரயிலில் வந்து கேஎல் சென்ட்ரலில் இறங்கும்போதெல்லாம் எனக்கு வழி தவறும். எந்தப் படி ஏறினாலும் பேரங்காடிக்குள்தான் போய் நிற்கிறோம். குளிரூட்டி, நகைக்கடை, காலணிக்கடை எல்லாவற்றையும் கடந்து கடைசிக் கதவைத் தள்ளினால் சட்டென்று மல்லிகை வாசம், சாம்பிராணிப் புகை, ஒலிபெருக்கியில் பழைய பாட்டு. அப்பாடா, பிரிக்பீல்ட்ஸ்.

ஞாயிற்றுக்கிழமை இங்கே ஒரு மண்டபத்தில் தோழியின் மகனுக்குக் கல்யாணம். நான் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டேன். இடையில் இரண்டு நாள் கிள்ளானில் தங்கை வீட்டில் தங்குவதாகத் திட்டம். தங்கை மகள் ஒரு வாரமாகவே தொலைபேசியில், "பெரியம்மா, சனிக்கிழமை பாப்பா பள்ளியில ரிப்போர்ட் கார்டு நாள். நீங்க கட்டாயம் கூட வரணும். எனக்கு ஒண்ணும் புரியல" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். முப்பத்தெட்டு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்துவிட்டு 2014-இல் ஓய்வுபெற்றவள் நான். குடும்பத்தில் யாருக்குத் தேர்ச்சி அறிக்கை வந்தாலும் அது என்னிடம்தான் வரும். கைராசி மருத்துவர் மாதிரி.

வண்டிக்கு நேரமிருந்ததால் துன் சம்பந்தன் சாலையில் கொஞ்சம் நடந்தேன். பெயரிலேயே இந்த ஊரின் கதை இருக்கிறது. 1881-இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்தன. அத்தாப்புக் கூரைகளும் பலகைச் சுவர்களும் இனி வேண்டாம், செங்கல்லில் கட்டுங்கள் என்று பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஃபிராங்க் ஸ்வெட்டன்ஹாம் உத்தரவிட்டார். பின்னாளில் கப்பித்தானான யாப் குவான் செங் இங்கே சூளை வைத்தார். நகரத்தின் சுவர்கள் இந்த மண்ணிலிருந்து போனவை. பிறகு ரயில்வே வந்தது. தண்டவாளம் போடத் தமிழகத்திலிருந்தும், கணக்கெழுதவும் நிலையம் பார்க்கவும் யாழ்ப்பாணத்திலிருந்தும் நம்மவர்கள் வந்தார்கள். ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோயில் அந்த யாழ்ப்பாணத்தார் எழுப்பியது. 1904-இல் தொடங்கிய விவேகானந்தா ஆசிரமம் இன்னும் சாலையோரத்தில் வெள்ளையாக நிற்கிறது. சுற்றிலும் ஐம்பது மாடிக் கட்டடங்கள் எழும்பிவிட்டதில் அது பொம்மை வீடு மாதிரி சிறுத்துவிட்டது.

நடைபாதையில் மஞ்சள் நிறத்தில் புடைத்த கற்கள் பதித்திருக்கிறார்கள். பார்வையற்றோர் சங்கம் இங்கே இருப்பதால் வெண்கோலோடு நடப்பவர்கள் அதிகம். ஒருவர் கோலால் தட்டித் தட்டிப் போனார். ஓரிடத்தில் யாரோ மோட்டார் சைக்கிளைக் கற்களின் மேலேயே நிறுத்தியிருந்தார்கள். கோல் டயரில் முட்டியது. ஒரு கணம் நின்றார், வலப்பக்கம் தட்டிப் பார்த்தார், சுற்றிக்கொண்டு போனார். நான் கைகொடுக்க ஓடுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

மதியம் வாழை இலைச் சோறு. கடைப்பெயர் வேண்டாம், ரசம் நன்றாக இருந்தது என்பது மட்டும் போதும். சமையற்கட்டு கண்ணில் படும்படி உட்கார்ந்திருந்தேன். பெரியவர் ஒருவர் ரசத்தைக் கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார், கொஞ்சம் உப்பைப் போட்டார், மறுபடி பார்த்தார். ராபர்ட் ஸ்டேக் என்ற அமெரிக்கக் கல்வி மதிப்பீட்டு அறிஞர் சொன்னதாக ஒரு விளக்கம் உண்டு. சமையல்காரர் சூப்பைச் சுவைத்தால் அது ஒரு வகை மதிப்பீடு. விருந்தாளி சுவைத்தால் அது இன்னொரு வகை. முதலாவதில் உப்புப் போட நேரமிருக்கிறது. இரண்டாவதில் தீர்ப்பு மட்டும்தான். பயிற்சிப் பட்டறைகளில் இதைக் கேட்டபோது தூக்கம் வந்தது. அன்று ரசத்தைப் பார்த்தபோது புரிந்தது.

கொமுட்டரில் பெண்களுக்கான இளஞ்சிவப்புப் பெட்டியில் ஏறிக்கொண்டேன். கிள்ளானுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். கோலாலம்பூரையும் கிள்ளான் ஆற்றங்கரையையும் இணைத்த இந்தப் பாதைக்கு வயது 1886-இலிருந்து கணக்கு. ஈயத்தை மாட்டுவண்டியிலும் படகிலும் ஏற்றி அலுத்துப்போய்ப் போட்ட தண்டவாளம். பந்தாய் டாலாம், பெட்டாலிங், சுபாங் ஜெயா, பத்து தீகா என்று நிலையங்கள் வரும்போது என் கண்ணுக்கு அடுக்குமாடிகள் தெரியாது, ரப்பர் மரங்கள்தான் தெரியும். 1978-இல் சிலாங்கூரின் தலைநகரான ஷா ஆலாமே தோட்டங்களை அழித்து எழுப்பிய ஊர்தானே. என் முதல் பள்ளி இந்தப் பாதைக்கு அருகில் ஒரு தோட்டத்தில் இருந்தது. பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்தவேண்டும் என்று வெள்ளைக்காரன் காலத்துத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அதற்காகப் போட்ட கொட்டகைகளின் வழிவந்ததுதான் அந்தப் பள்ளியும். இன்று தோட்டம் இல்லை, பள்ளி வேறு தாமானுக்கு மாறிவிட்டது.

அந்தப் பக்கம் வண்டி போகும்போதெல்லாம் ஒரு பையன் ஞாபகம் வரும்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் ஆறாம் ஆண்டுக்கு வகுப்பாசிரியை. யுபிஎஸ்ஆர் 1988-இல் தொடங்கியது. எல்லாத் தாளிலும் ஏ எடுத்தால் பெருமை. பத்திரிகையில் படம் வரும், பள்ளிக்குப் பெயர் வரும், சட்டமன்ற உறுப்பினர் பரிசு கொடுக்க வருவார். நானும் வகுப்பை மூன்றாகப் பிரித்து உட்காரவைத்தேன். முன்வரிசை ஏ எடுப்பவர்களுக்கு, நடுவரிசை தேறக்கூடியவர்களுக்கு. பின்வரிசைக்கு நான் பெயர் வைக்கவில்லை, ஆனால் பிள்ளைகள் வைத்திருந்தார்கள். இந்தப் பையன் பின்வரிசை. அப்பா பால்மரம் வெட்டுபவர். முன்னோட்டத் தேர்வில் கணிதத்துக்கு 23 வாங்கினான். சிவப்பு மையில் 23 என்று எழுதி, கீழே "முயற்சி தேவை" என்றும் எழுதினேன். அடுத்த தேர்வில் 26. மறுபடி "முயற்சி தேவை".

யுபிஎஸ்ஆர் முடிந்து, பழைய நோட்டுகளைக் கட்டிப் போடும்போதுதான் அவனுடைய கணித நோட்டை முதல்முறையாகப் படித்தேன். அதுவரை திருத்தியிருந்தேன், படித்ததில்லை. 304-இலிருந்து 178-ஐக் கழிக்கவேண்டும். அவன் விடை 274. இன்னொரு பக்கத்திலும் அதே மாதிரி. ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்திருந்தான். எட்டிலிருந்து நாலு போனால் நாலு. ஏழிலிருந்து பூஜ்யம் போனால் ஏழு. மேலே எது, கீழே எது என்பது அவனுக்குப் பொருட்டில்லை. கடன் வாங்குவது என்ற ஒன்று அவன் தலைக்குள் போகவே இல்லை. யாரோ இரண்டாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோ "பெரிசிலருந்து சின்னதைக் கழி" என்று சொல்லியிருக்கவேண்டும். அதை நாலு வருடம் பிசகாமல் செய்திருக்கிறான். கால் மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் கண்டுபிடித்திருக்கலாம். ஒரு வாரத்தில் சரிசெய்திருக்கலாம். எனக்கு அந்தக் கால் மணி நேரம் கிடைக்கவில்லை, முன்வரிசைக்கு மாதிரித் தாள் செய்வித்துக்கொண்டிருந்தேன்.

அவன் இடைநிலைப்பள்ளிக்குப் போய்ப் பாதியில் நின்றுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். இப்போது நாற்பது வயதைத் தாண்டியிருப்பான்.

கிள்ளான் நிலையத்திலிருந்து தெங்கு கிளானா சாலைக்கு நடந்தே போய்விடலாம். பிரிக்பீல்ட்ஸ் சுற்றுப்பயணிகளுக்காக வண்ணம் பூசிக்கொண்ட இடம். அதற்கு லிட்டில் இந்தியா என்று பெயர்சூட்டித் திறந்தது 2010-இல்தான். கிள்ளானுக்கு அந்த ஒப்பனை தேவைப்படவில்லை. புடவைக்கடை வாசலில் பேரம், பித்தளைக் குத்துவிளக்கு, முறுக்குப் பொட்டலம், சரம் சரமாகப் பூ. பக்கத்திலேயே 1857-இல் ராஜா அப்துல்லா கட்டிய ஈயக் கிடங்கு. அதைக் கவனிக்காமல் எல்லாரும் பலகாரம் வாங்கிக்கொண்டு போகிறார்கள், நானும்தான். கடைக்காரர்களில் நாற்பது வயதுக்காரர்களைக் கண்டால் முகத்தை உற்றுப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. ஒருவர், "என்னம்மா, தெரிஞ்சவங்க மாதிரி பாக்குறீங்க" என்றார். நெய்யுருண்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்குள் காலெடுத்து வைக்கும் முன்பே தங்கை மகள் அறிக்கையை நீட்டினாள். பேத்தி ஆறாம் ஆண்டு. தமிழ் 5. கணிதம் 3. மலாய் 2.

"மார்க்கு எங்க பெரியம்மா? எத்தனாவது எடம்னும் இல்ல. நூத்துக்கு ரெண்டா, பத்துக்கு ரெண்டா?"

"ஆறுக்கு ரெண்டு" என்றேன். அதற்கும் அவள் முகம் தெளியவில்லை. நியாயம்தான், அது மதிப்பெண்ணே அல்ல, படி. 2011-இல் பள்ளிசார் மதிப்பீடு வந்தபோது எங்களுக்குச் சொல்லித் தந்தது இது: முதல் படி அறிந்திருக்கிறான், இரண்டாவது அறிந்து புரிந்திருக்கிறான், மூன்றாவது செய்யவும் தெரியும், அதற்கு மேலே போகப் போகப் பண்போடும் முன்மாதிரியாகவும் செய்வான். ஒன்று முதல் மூன்றாம் ஆண்டு வரை தேர்வுகள் 2019-இல் நின்றன. யுபிஎஸ்ஆர் கோவிட் காலத்தில் 2020-இல் நடக்கவில்லை, 2021 ஏப்ரலில் ஒரேயடியாக எடுக்கப்பட்டது. மறு ஆண்டு பிடி3-ம் போனது. இப்போது நாலாம் ஆண்டிலிருந்து ஆண்டிறுதிச் சோதனை ஒன்று இருக்கிறது. அதைத் தவிர மற்றதெல்லாம் வகுப்புசார் மதிப்பீடு. பிள்ளை படித்துக்கொண்டிருக்கும்போதே ஆசிரியர் பார்த்து, குறித்து, அடுத்த பாடத்தை அதற்கேற்ப மாற்றவேண்டும். ஏட்டில் அழகான ஏற்பாடு.

நடந்ததையும் சொல்லவேண்டும். அந்த முதல் ஆண்டுகளில் ஒவ்வொரு மாணவனின் அடைவையும் இணையத்தில் பதியச் சொன்னார்கள். பகலில் அந்த வலைத்தளம் திறக்காது. நாடு முழுக்க ஆசிரியர்கள் இரவு இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து எண்களைத் தட்டினோம். ஒவ்வொரு படிக்கும் சான்று வேண்டும் என்று கோப்பு கோப்பாகத் தாள் சேர்த்தோம். மாணவனைப் பார்க்கச் சொன்ன திட்டம் எங்களைத் திரையைப் பார்க்கவைத்தது. எதிர்ப்பு எழுந்து 2014-இல் அந்த இணையப் பதிவை எடுத்தார்கள். நான் ஓய்வுபெற்றதும் அதே ஆண்டு. என்னைவிட அது முந்திக்கொண்டது.

தங்கை மகளின் கவலைக்கு வருகிறேன். தமிழ், சீனப்பள்ளிகளிலிருந்து போகும் பிள்ளைகளுக்கு மலாயில் போதிய அடைவு இல்லையென்றால் படிவம் 1-க்கு முன் ஓராண்டு புகுமுக வகுப்பில் உட்காரவேண்டும். கூடப் படித்தவர்கள் மேலே போய்விடுவார்கள். பன்னிரண்டு வயதில் அது சின்ன அடி இல்லை. தாமான் முழுக்க டியூஷன் விளம்பரப் பலகைகள் தொங்குகின்றன. அவளும் பேத்தியை இரண்டு இடத்தில் சேர்த்துவிட்டாள். "யுபிஎஸ்ஆரே இருந்திருக்கலாம் பெரியம்மா. ஏயா பீயான்னு தெரிஞ்சிருக்கும்" என்றாள். அவளை நான் கேலி செய்யமாட்டேன். தோட்டத்துக் குடும்பங்களுக்கு அந்த ஏ-தான் வெளியே போகும் ஒரே சீட்டாக இருந்தது.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பேத்தியை மலாய்ப் புத்தகத்தோடு உட்காரவைத்தேன். தடையில்லாமல் வாசித்தாள். கேள்வி கேட்டால் முழித்தாள். இரண்டு பத்தி கழித்துத்தான் எனக்குப் பிடிபட்டது. 'துலிஸ்' என்றால் எழுது, தெரியும். 'மெனுலிஸ்' என்றால் தெரியவில்லை. 'சாப்பு' பெருக்கு, தெரியும். 'மெஞாப்பு' தெரியவில்லை. 'போத்தோங்' வெட்டு, 'மெமோத்தோங்' வந்தால் புதுச் சொல் என்று நினைக்கிறாள். முன்னொட்டு சேரும்போது முதலெழுத்து கரைந்துவிடுகிறது, அதனால் தெரிந்த சொல்லே முகம் மாறி நிற்கிறது.

"பல்லும் பொடியும் சேர்ந்தா?"

"பற்பொடி" என்றாள் உடனே. தமிழில் 5 வாங்கியவளாயிற்றே.

"லகரம் எங்க போச்சு?"

"றகரமாயிருச்சு, பெரிய பாட்டி. புணர்ச்சி."

"மலாய்க்காரங்களும் அதைத்தான் பண்றாங்க."

கொஞ்ச நேரம் புத்தகத்தையே பார்த்தாள். பிறகு 'மெனுலிஸ்' மேல் விரலை வைத்து, "அப்ப இதுக்குள்ள துலிஸ் இருக்கா?" என்று கேட்டாள்.

மறுநாள் காலை பள்ளி. மண்டபத்துக்கு வெளியே தேநீரும் கறிபாப்பும். மலாய்மொழி கற்பிப்பவர் முப்பது வயதுகூட இல்லாத பெண். நான் கொஞ்சம் தலைக்கனத்தோடுதான் போனேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். அறிக்கையில் ஆசிரியர் குறிப்பு என்ற இடத்தில் அடைவுநிலை 2-க்கான அச்சடித்த விளக்கம் அப்படியே ஒட்டப்பட்டிருந்தது. பக்கத்துப் பிள்ளைக்கும் அதே வாக்கியம். "இதைப் படிச்சா அம்மாவுக்கு என்ன செய்யத் தெரியும், டீச்சர்?" என்று கேட்டேன்.

அவர் பதில் சொல்லவில்லை. கைப்பையிலிருந்து மூலை மடங்கிய ஒரு நோட்டை எடுத்தார். பக்கத்துக்கு ஒரு மாணவர். பேத்தியின் பக்கத்தில், 'வாசிப்பு நன்று. முன்னொட்டு வந்தால் வேர்ச்சொல் தெரியவில்லை' என்று பென்சிலில் எழுதி, மூன்று வாரத்துக்கு முந்தைய தேதி போட்டிருந்தது. அதே பிரச்சினை இன்னும் பத்துப் பிள்ளைகளுக்கு என்று தனிப் பட்டியல். பாடம் முடியும்போது ஒவ்வொருவரும் துண்டுத்தாளில் ஒரு கேள்விக்கு விடை எழுதிவிட்டுத்தான் வெளியே போகவேண்டுமாம். அந்தத் துண்டுகளை வைத்துத்தான் மறுநாள் யாரை எந்த மேசையில் உட்காரவைப்பது என்று தீர்மானிக்கிறார்.

"மேசை மாறிக்கிட்டே இருக்குமா?" என்றேன்.

"ஆமா டீச்சர். இல்லன்னா பேர் வெச்சிருவாங்களே" என்றார்.

நான் தேநீரைக் குடித்தேன்.

"இதை ஏன் அறிக்கையில எழுதல?" என்று தங்கை மகள்தான் கேட்டாள். அறிக்கைப் படிவத்தில் எண்ணைத் தேர்ந்தெடுத்தால் வாக்கியம் தானாக வந்துவிடுகிறதாம். வகுப்பில் முப்பத்துநான்கு பேர், அவருக்கு நாலு வகுப்பு. மேலும், அப்படி எழுதிக் கொடுத்தாலும் பெற்றோர் எண்ணை மட்டுமே பார்க்கிறார்கள் என்றார். அவர் சொன்னதில் பழைய ஆய்வு ஒன்றின் சாயல் இருந்தது. யுபிஎஸ்ஆர் இங்கே தொடங்கிய அதே 1988-இல் இஸ்ரேலில் ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் இந்த வயதுப் பிள்ளைகளிடம் சோதித்து வெளியிட்டது. சிலருக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்குக் கருத்து மட்டும், சிலருக்கு இரண்டும். கருத்து மட்டும் பெற்றவர்களே முன்னேறினார்கள். இரண்டும் பெற்றவர்கள், மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே நின்றுவிட்டார்கள். எண்ணைப் பார்த்த கண் கீழே இருக்கும் வரிக்குப் போவதில்லை. என்னுடைய "முயற்சி தேவை"க்கு அந்தக் கதிகூட ஆகியிருக்காது. அதில் படிக்க ஒன்றுமே இல்லையே.

நான் எல்லா ஆசிரியர்களும் இப்படி நோட்டு வைத்திருக்கிறார்கள் என்று சொல்ல வரவில்லை. மண்டபத்தில் இன்னொரு மேசையில், முப்பது பிள்ளைகளுக்கும் 4 என்று போட்டுவிட்டுக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தவரையும் கண்டேன். யுபிஎஸ்ஆரில் அந்தச் சோம்பல் செப்டம்பரில் வெளிப்பட்டுவிடும். இதில் இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகுதான் தெரியும். பழைய தேர்வு திரும்ப வேண்டுமென்று கேட்பவர்களின் வாதத்தில் எனக்குப் பிடித்த ஒரே பகுதி அது.

தங்கை மகள் அந்தப் பென்சில் வரியைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டாள். திரும்பி வரும் வழியில் இரண்டு டியூஷனில் ஒன்றை நிறுத்திவிடலாமா என்று கேட்டாள். நிறுத்து என்றேன். இன்னொன்றையும் நிறுத்தச் சொல்ல வாய் வந்தது. பிள்ளை அவளுடையது.

ஞாயிறு காலை ஏழரை மணிக்கே கிள்ளான் நிலையத்துக்கு வந்துவிட்டேன். கல்யாண முகூர்த்தம் பத்துக்கு. மேடையில் உட்கார்ந்திருந்தபோது வாட்ஸ்அப்பில் பேத்தியிடமிருந்து ஒரு படம். முந்தின இரவு பத்து வேர்ச்சொல் கொடுத்து முன்னொட்டுச் சேர்த்து எழுதச் சொல்லியிருந்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எட்டு சரி. 'துங்கு' – காத்திரு – 'மெனுங்கு', சரி. ஒன்று எழுத்துப் பிழை, அது போகட்டும். பத்தாவது 'சாரி', தேடு. அதற்கு 'மெஞாரி' என்று எழுதியிருந்தாள். மெஞ்சாரி என்று வரவேண்டும், அங்கே முதலெழுத்து கரையாது.

ஏன் இப்படி எழுதினாள் என்று யோசித்தேன். சாப்பு, சாரி. மலாயில் இரண்டும் வேறு வேறு எழுத்தில் தொடங்குகின்றன, ஒலியும் வேறு. அவள் காதில் இரண்டுமே நம் சகரம். தமிழைக் கொண்டு சொல்லிக்கொடுத்தவள் நான்தான், இதை எச்சரிக்காமல் விட்டவளும் நான்தான்.

பிழை என்று எழுதவில்லை. 'சாப்பு, சாரி ரெண்டையும் மலாய்ப் புத்தகத்துல எப்படி எழுதியிருக்குன்னு பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாரு' என்று அனுப்பினேன். அனுப்பிய குறி ஒன்று விழுந்தது, பிறகு இரண்டு, இரண்டும் நீலமாயின. 'தட்டச்சு செய்கிறார்' என்று வந்தது, நின்றது, மறுபடி வந்தது. தெலுக் பூலாய் பக்கமிருந்து வண்டி மேடைக்குள் நுழைந்துகொண்டிருந்தது.